கெபியோரத்து ஒன்பது வரிசை

நிலவேம்பு இலையை மென்றுவிட்டு டீ குடித்தால் எத்தனையாவது வாயில் டீ இனிக்கிறது என்று எண்ணுவது ஆஷ்லினுக்குப் பழக்கமாகிவிட்டது. விடிந்ததும் டம்ளரோடு கொல்லைக்கு வருவாள். தெற்குக் கோடியில் ஓர் இலையைக் கிள்ளி நன்றாக மென்று துப்புவாள். பிறகு ஒரு வாய் டீ. கார்த்திகை முதல் வாரத்தில் ஆறாவது வாய்க்குத்தான் நாக்கில் சர்க்கரை தெரிந்தது. மார்கழி பிறந்தபோது நாலாவது வாய். இன்று, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது, இரண்டாவது வாயிலேயே டீ இனித்துவிட்டது.

டீ இனித்தால் பயப்பட வேண்டிவரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

பனி இன்னும் விலகவில்லை. முக்கால் ஏக்கர் மேட்டுக்கொல்லை முழுக்கச் செடிகள் முழங்காலுக்கும் கீழேயே நின்றுகொண்டு, அதற்குள் பூத்திருந்தன. அரிசி அளவு வெள்ளைப் பூ, நடுவில் ஊதா வரி. பார்க்க அழகுதான். மருந்துச் செடி பூத்துவிட்டால் இலையிலிருக்கும் சத்து கீழே இறங்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். தஞ்சாவூரில் தாவரவியல் எம்.எஸ்ஸி. படித்தவள்.

"இன்னைக்கு எத்தனாவது வாய்?" பின்னாலிருந்து லியோ கேட்டான். வலங்கைமானில் டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறைக்குப் போகிற உடுப்பில் வந்திருந்தான். சட்டைப் பையில் ஸ்பேனர்.

"மூணு," என்றாள். புருஷனிடம் ஒரு வாய் கூட்டிச் சொன்னதற்கு அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"சர்க்கரைய கம்மி பண்ணிக்க. அம்மா அள்ளி அள்ளிப் போடும். அப்பறம் செடி மேல பழி போடாத."

"வெளையாடாதீங்க. இன்னைக்கு டெஸ்டுக்கு எல மாதிரி கொண்டுபோய்க் குடுக்கணும். தௌபீக் பாய் நேத்தே போன் பண்ணிட்டாரு."

"நான் பறிச்சுக் கொண்டுபோறேன். கும்பகோணத்துல ஒரு ஸ்பேர் வாங்க வேண்டியிருக்கு. நீ போய் அம்மாகூட அதிரச மாவ பாரு. காலையிலேருந்து உன்னத்தான் திட்டிக்கிட்டு இருக்கு."

"எல்லா எடத்துலேருந்தும் கொஞ்சம் கொஞ்சமா பறிங்க."

"தெரியும்டி," என்று அவன் சாக்கை உதறினான்.

இந்த இலை மாதிரியில்தான் எல்லாம் இருந்தது. தௌபீக் பாய் கும்பகோணத்தில் மூலிகைச் சரக்கு எடுத்து மருந்து செய்பவர்களுக்கு அனுப்புகிறவர். காய்ச்சல் காலத்தில் நிலவேம்புக் குடிநீருக்கு அவ்வளவு கிராக்கி. ஆய்வகச் சோதனையில் கசப்புச் சத்து இரண்டு சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொல்லைச் சரக்கு முழுவதையும் எடுத்துக்கொள்வதாகவும், அடுத்த வருஷமும் தொடர்ந்து எடுப்பதாகவும் சொல்லியிருந்தார்.

லியோவுக்கும் ஆஷ்லினுக்கும் நடுவில் வேறொரு பேச்சு இருந்தது. கல்யாணமான ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷம் அவன் மஸ்கட்டில். அந்த இரண்டு வருஷமும் அவள் வாழ்ந்தது போன் திரையில் உறைந்து நின்றுவிடும் ஒரு முகத்தோடு. பாதி திறந்த வாயோடு அவன் நின்றுவிடுவான். அவன் சொல்ல வந்தது என்னவென்று அவள் யோசித்துக்கொண்டே படுப்பாள். ஆடியிலிருந்தே தோஹா நண்பன் ஜெரால்ட் கூப்பிடுகிறான். கனரக வண்டி மெக்கானிக் வேலை. ஜனவரி ஐந்துக்குள் சரி என்றால் விசாவுக்கு எழுதிப்போடுவான். மூன்று வருஷமாகத் தை மழை விளைந்த நெல்லைச் சாய்த்துக்கொண்டிருக்கும் வீட்டில், போகாதே என்று சொல்ல அவளிடம் இந்தக் கொல்லையைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

"சரக்கு தேறினா இங்க. தேறலன்னா தோஹா," என்று ஆடி மாதம் அவள்தான் சொன்னாள்.

"சரி," என்றான் அவன். அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதுதான் அவளை இத்தனை நாளாகக் குடைந்துகொண்டிருந்தது. போகவேண்டும் என்று அவனுக்கே ஆசையோ?

*

கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள் மத்தியானம் போன் வந்தது. ஆஷ்லின் கெண்டை மீனைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொள்ளாமலே ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, ரிப்போர்ட் வந்துடுச்சு," என்றார் தௌபீக் பாய். "ரெண்டே முக்கால்!"

"என்ன பாய்?"

"ரெண்டே முக்கால் சதவீதம்மா. இந்த வருஷம் எனக்கு வந்ததுலயே இதான் ஒசத்தி. எப்ப அறுக்கறீங்க? பொங்கலுக்கு முன்னால வண்டி அனுப்பறேன்."

அவள் சமையற்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். முற்றத்தில் மண்வெட்டிக்குக் கைப்பிடியாகக் கணை போட்டுக்கொண்டிருந்த மாமனார் மதலைமுத்து காதில் எல்லாம் விழுந்திருந்தது. நிலவேம்பு நட்ட நாளிலிருந்து கொல்லைப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் நடந்தவர்.

"என்னவாம்?" என்றார், கேட்காதவர் மாதிரி.

"தேறிடுச்சு மாமா. ரெண்டே முக்கால்."

"ம்." கணையைத் தட்டினார். "அப்ப அடுத்த வருஷம் கத்திரி வெக்க வேற எடம் பாக்கணும்." அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "ஏம்மா, மீன் கொழம்புல மாங்கா போடுவல்ல?" என்றார்.

கத்திரி என்று அவர் சொன்னதில் ஒரு கதை இருக்கிறது. ஆனியிலேயே நிலவேம்பு நட வேண்டும் என்று ஆஷ்லின் கேட்டபோது கொல்லையில் கத்திரி காய்த்துக்கொண்டிருந்தது. "காய்க்கற செடியப் புடுங்கறதா? வயித்துப் புள்ளக்காரிய வாசல்ல தள்ற மாதிரி," என்றார் மதலைமுத்து. "இது எத்தன நாள் பயிரு?"

"நூறு நாள் மாமா."

"குறுவை நூத்திப்பத்து நாளு. எப்ப போட்டாலும் நூத்திப்பத்துதான். நூறு நாள் பயிர புரட்டாசியில போட்டா மார்கழியில அறுக்கப்போற. நாள கூட்டிக் கழிச்சுப் பாரு."

வீட்டில் எல்லோரும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். அவளும் எண்ணினாள். கணக்குச் சரியாகவே வந்தது. கத்திரி ஓய்ந்து, புரட்டாசிக் கடைசியில் நிலவேம்பு நாற்று மண்ணுக்குப் போனது.

ரெண்டே முக்கால் என்ற செய்தி கேட்டு எல்லோரும் கலகலப்பாக இருந்த அந்த மத்தியானத்தில் மாமியார் செபஸ்தியம்மாள் மட்டும் அதிகம் பேசவில்லை. "நல்லது, நல்லது," என்று சொல்லிவிட்டு அதிரசத் தூக்கைத் திறந்து மூடினாள். சாயங்காலம் வழக்கத்தைவிட முன்னதாகவே ரோட்டோரம் போய் கெபி விளக்கைப் போட்டாள்.

கெபி என்றால், சிமென்ட்டைப் பாறை மாதிரி பூசி, உள்ளே நீலத் துணி போர்த்திய மாதாவை நிறுத்திய சின்னக் குகை. கொல்லைக்கும் சம்பா வயலுக்கும் நடுவில், சாலை மேட்டில் நிற்கிறது. செப்டம்பர் எட்டாம் தேதி மாதா பிறந்தநாளன்று செபஸ்தியம்மாள் ஒரு நேர்ச்சை செய்துகொண்டு, அங்கே பெரிய எல்.இ.டி. போக்கஸ் லைட் ஒன்றை மாட்டினாள். அன்றிலிருந்து பொழுது சாய்ந்தது முதல் விடியும்வரை அது எரிந்தது. என்ன நேர்ச்சை என்று கேட்டால், "குடும்பத்துக்குத்தான்," என்பாள்.

*

மறுநாள் சம்பா வயலில், விதையோடு கலந்து முளைத்த வேற்று நெல்லின் கலப்புக் கதிர் பிடுங்க ஆள் வந்தது. வீட்டுச் சாப்பாட்டுக்கென்று மதலைமுத்து கால் காணியில் மாப்பிள்ளைச் சம்பா போட்டிருந்தார். ஆனந்தவல்லிதான் ஆட்களுக்குத் தலைவி. நாற்பத்தைந்து வயது, வயலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வாய் ஓயாது.

பதினொரு மணிக்கு ஆஷ்லின் தூக்குவாளியில் மோரும் ஊறுகாயும் கொண்டுபோனாள்.

"வாம்மா ரெண்டே முக்கா," என்றாள் ஆனந்தவல்லி. சேற்றில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"அதுக்குள்ள ஊரெல்லாம் தெரிஞ்சிடுச்சா?"

"உன் மாமனாரு டீக்கடையில சொல்லிட்டாரு. வாயில ஈ நொழஞ்சாக்கூட பேசாத மனுஷன், மூணு பேர்கிட்ட சொல்லியிருக்காரு. எங்கள எப்ப கூப்புடப்போற அறுக்க?"

"பொங்கலுக்குள்ள அக்கா."

"கூப்புடு. ஆனா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கற கோளாற மொதல்ல பாரு." ஆனந்தவல்லி மோரை அண்ணாந்து குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தாள். "உங்க அத்தைகிட்ட சொல்லு, மாதாவுக்குக் கொஞ்சம் தூங்க நேரம் குடுக்கச் சொல்லி. நெல்லும் தூங்கல பாரு."

"என்ன அக்கா சொல்றீங்க?"

"அங்க பாரு. வயலெல்லாம் கதிர் வாங்கி தல சாய்க்குது. கெபி வெளக்கு விழற மூலையில மட்டும் ஒத்தக் கதிரு இல்ல. பச்சப் பசேல்னு கோரை கணக்கா நிக்குது. இது இங்க மட்டுமா? பைபாஸ்ல புது லைட்டு போட்டானே, அதுக்குக் கீழ என் தம்பி வயலும் இதே கதிதான். பருவ நெல்லுக்கு இருட்டு வேணும். இருட்டிலதான் அதுக்குப் பொட்டி கட்டிக் கதிர் வரும்."

ஆஷ்லின் திரும்பிப் பார்த்தாள். கெபியிலிருந்து விசிறி விரித்த மாதிரி ஒரு துண்டு வயல், கதிரில்லாமல், கரும்பச்சையாக. கோடு கிழித்தது போல எல்லை தெரிந்தது.

விளக்கு ஒரு பக்கம் மட்டுமா விழும்? அவள் வாளியை வரப்பிலேயே வைத்துவிட்டுச் சாலை மேடேறி மறுபக்கம் இறங்கினாள். கொல்லையின் வடக்கு ஓரம். தினமும் டீயோடு தெற்குக் கோடியிலேயே நின்றுவிடுவதால் இந்தப் பக்கம் அவள் வந்து வாரங்களாகியிருந்தன. கெபியை ஒட்டிய செடிகள் இடுப்புக்கு வளர்ந்து, கிளை விட்டு, ஒரு பூ இல்லாமல் நின்றன. எண்ணினாள். ஒன்பது வரிசை. பத்தாவது வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூ. பன்னிரண்டிலிருந்து தெற்குக் கோடிவரை எல்லாம் பூத்த குட்டைச் செடிகள்.

ஓர் இலையைக் கிள்ளி மென்றாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆட்களிடம் திரும்பி வந்து, அவர்கள் கொண்டுவந்திருந்த டீயில் ஒரு முழு டம்ளர் வாங்கிக் குடித்தாள். கடைசிச் சொட்டுவரை கசந்தது.

பத்து மார்க் கேள்வி அது. முதல் வருஷம், இரண்டாம் தாள். சில செடிகள் இரவின் நீளத்தை அளந்து பூக்கும். இரவு நீண்டால் பூ, நடுவில் வெளிச்சம் விழுந்தால் அவற்றுக்கு அது நீண்ட இரவே இல்லை. அழகாகப் படம் வரைந்து எழுதியிருந்தாள். எழுதியவள்தான் கத்திரிச் செடிக்கு முன்னால் நின்று மாமனாரோடு சேர்ந்து விரல்விட்டு நூறு நாள் எண்ணினாள். ஆனியில் நட்டிருந்தால் நெடும்பகலில் செடி ஆளாகியிருக்கும். புரட்டாசியில் நட்டது, வேர் பிடிக்கும் முன்பே நீள இரவுக்குள் போய்ச் சேர்ந்தது. கைக்குழந்தைக்குக் கல்யாணம் பண்ணிவைத்த மாதிரி, உடம்பு வளருமுன் பூத்துவிட்டது. மாதா விளக்கு விழுந்த ஒன்பது வரிசைக்கு மட்டும் இன்னும் ஆனி மாதம்.

பாயிடம் போன இலை மாதிரி எந்த வரிசையிலிருந்து போனது?

*

சாயங்காலம் லியோ பட்டறையிலிருந்து வந்து தொட்டியடியில் கிரீஸ் கையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆஷ்லின் சோப்பை நீட்டினாள்.

"ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லாம சொல்லுங்க. மாதிரி எங்க பறிச்சீங்க?"

அவன் சோப்பை வாங்காமல் கையையே பார்த்தான். "கொல்லையிலதான்."

"கொல்லையில எங்க?"

"கெபியோரத்துல."

"பூராவுமா?"

"பூராவும்." தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டான். "பூ வந்த செடி ஒதவாதுன்னு பாய் சொன்னாரு. தேடிப் பாத்தேன். அங்கதான் பூ இல்லாம இருந்துச்சு."

"எல்லா எடத்துலேருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுங்கன்னு சொன்னேனே."

"சொன்னதான்."

"அப்பறம் ஏங்க?"

லியோ துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். கொட்டகையில் மாடு தலையை ஆட்டிக் கழுத்து மணியைக் குலுக்கியது.

"நீ அன்னைக்கு மூணாவது வாய்னு சொன்ன," என்றான். "பொய்யின்னு தெரிஞ்சுது. உன் மொகத்தப் பாத்தேன். எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தா தேறாதுன்னு எனக்குத் தெரியாதா? தேறலன்னா ஜெரால்டுக்கு சரின்னு சொல்லணும்."

"அதுக்குத்தானே காத்துக்கிட்டு இருக்கீங்க? ஆடியில கேட்டப்ப டக்குனு சரின்னீங்க."

"வேற என்ன சொல்லச் சொல்ற? போக மாட்டேன், இங்கயே குந்தியிருக்கேன், நீயும் அப்பாவும் பாத்துக்கங்கன்னா?" குரல் கொஞ்சம் எழும்பி, வீட்டுக்குள் கேட்கும் என்று அடங்கியது. "மஸ்கட்ல ரூம்ல ஏழு பேரு. லீவு நாளுல ஆளாளுக்கு சொவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டு போன் பேசுவோம். எனக்குத் திரும்ப அந்தச் சொவரப் பாக்க வேணாம்டி. அவ்வளவுதான்."

ஐந்து வருஷத்தில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிடித்துக்கொண்டாள், மண்ணெண்ணெய் வாடை. அப்படியே நிற்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆனா அந்த ஒம்பது வரிசைதாங்க மருந்து," என்றாள். "மிச்சம் வெறும் தழ. பாய் ரெண்டே முக்கால்னு எழுதி அனுப்பிடுவாரு. காய்ச்சல்ல கெடக்கறவன் அதைக் காய்ச்சிக் குடிச்சுட்டுப் பொழச்சிடுவோம்னு நெனப்பான்."

"எல்லாத்தையும் ஒண்ணா அரைச்சா தெரியாது."

"நமக்குத் தெரியுமே."

அவன் துண்டை உதறிக் கொடியில் போட்டான். பிறகு, "காலையில எட்டு மணிக்குக் கெளம்பு. பட்டறைக்கு லீவு சொல்லிடறேன்," என்றான்.

*

தௌபீக் பாயின் கிடங்கு கும்பகோணத்தில் ஒரு பித்தளைப் பாத்திரக் கடைக்குப் பின்னால் சந்துக்குள் இருந்தது. உள்ளே நுழைந்ததுமே மூக்கில் சுக்கும் வசம்பும் ஏறின. பாய் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க வாங்க, நானே வரணும்னு இருந்தேன். தம்பி, அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கங்க. டீயா, பாலா?"

"மொதல்ல விஷயத்த சொல்லிடறோம் பாய்," என்றாள் ஆஷ்லின். அவள் ஆரம்பிப்பதற்குள் லியோ முந்திக்கொண்டான்.

"நான் பறிச்சது பாய். ஒரே மூலையில பறிச்சேன். மிச்சக் கொல்லை அப்படி இல்ல."

பாய் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். ஆஷ்லின் பையிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்துத் தட்டில் பிரித்தாள். ஒன்று கெபியோரம், ஒன்று தெற்குக் கோடி. பாய் இரண்டிலிருந்தும் ஓர் இலையை எடுத்து, ஒன்றை மென்று வாய் கொப்பளித்து, மற்றொன்றை மென்றார்.

"இது கழுத," என்றார் தெற்குக் கோடி இலையைத் துப்பி. "அது குதிர. ஒரே கொல்லையில எப்படிம்மா?"

விளக்கையும் இரவையும் அவள் சொன்னாள். மாப்பிள்ளைச் சம்பாவையும் சொன்னாள். பாய் நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. கடைசியில் தாடியைத் தடவிக்கொண்டார்.

"அந்த லைட்டு எத்தன வாட்டு?"

"ஐம்பது."

"முக்கா ஏக்கருக்கும் சுத்தி மாட்டிட்டா?"

"ஆனியில நட்டா சூரியனே பாத்துக்கும் பாய். கரண்டு பில்லும் வராது."

பாய் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் வியாபார முகமாகிவிட்டது. "ஒம்பது வரிசைய எடுத்துக்கறேன். நாளைக்கே அறுத்து நெழல்ல காயப் போடுங்க. மிச்சம் எனக்கு வேணாம். அடுத்த வருஷத்துக்கும் இப்ப வாக்குக் குடுக்க மாட்டேன். தம்பி, தப்பா நெனைக்காதீங்க. மாதிரிய நம்பித்தான் நான் கையெழுத்துப் போடறேன். ஆவணியில வாங்க. நாலு மூலையிலயும் நடுவுலயும் பறிச்சு, நானே வந்து பறிச்சு, அப்பறம் பேசுவோம்."

"சரி பாய்," என்றான் லியோ. அவமானத்தில் காது சிவந்திருந்தது.

"இப்ப டீ சாப்புடுங்க," என்றார் பாய்.

திரும்பும் வழியில் ஒரு மதகடியில் அவன் பைக்கை நிறுத்தினான். வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து போனது.

"ஜெரால்டு காலையிலேருந்து ரெண்டு தடவ கூப்புட்டுட்டான்."

"எடுத்துப் பேசுங்க," என்றாள் அவள், அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து. "சரக்கு தேறலன்னு சொல்லுங்க. பேசினது பேசினதுதானே." நேற்று அவன் சொன்ன சுவரை நினைவில் வைத்துக்கொண்டு, போகவேண்டாம் என்று அவள் சொன்னால் அது அவனுக்காகவா தனக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் போனை எடுக்கவில்லை. வண்டியை மிதித்து எழுப்பினான்.

*

மறுநாள் காலை ஆனந்தவல்லியும் இரண்டு பேரும் வந்து ஒன்பது வரிசையையும் அறுத்தார்கள். பத்து மணிக்குள் முடிந்துவிட்டது. கொட்டகை நிழலில் சாக்கு விரித்துப் பரப்பினார்கள். ஆனந்தவல்லி கையை மோந்து பார்த்து, "நாலு நாளைக்குச் சோத்துல கைய வெச்சா கசக்கும். எம் புருஷன் சண்டைக்கு வரப்போறான்," என்றாள்.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மதலைமுத்து வாயைத் திறந்தார். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. கத்திரிச் செடியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆஷ்லினும் பேசவில்லை. ஆனால் ரசத்தை அவரே ஊற்றிக்கொண்டார், இலையையும் அவரே எடுத்தார்.

"நாளைக்கு டிராக்டருக்குச் சொல்லிட்டேன்," என்றார் பொதுவாக. "பூத்தத உழுது மடக்கிட்டு உளுந்து தெளிச்சுடலாம். பத்து நாள் ஈரம் நிக்கும்."

"எல்லாம் இந்த லைட்டாலயா?" என்று செபஸ்தியம்மாள் கேட்டாள். காலையிலிருந்து அவள் கேட்க நினைத்தது.

"லைட்டாலதான் அத்தை அந்த ஒம்பது வரிசையாவது தேறிச்சு," என்றாள் ஆஷ்லின். "நீங்க போடலன்னா அதுவும் இல்ல."

செபஸ்தியம்மாளின் முகம் சுருங்கியது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"இவனுக்கு விசா வரணும்னுதான் நான் நேந்துக்கிட்டேன். விசா வர்ற வரைக்கும் ராத்திரி பூரா வெளிச்சம் வெக்கறேன்னு." ஆஷ்லினைப் பார்க்காமல் சொன்னாள். "என்ன அப்படிப் பாக்காத. அவன் அங்க போனப்பதான் இந்தக் கூரை காங்கிரீட் ஆச்சு. இங்க இருந்தா இவனும் இவங்கப்பா மாதிரி வானத்தப் பாத்துப் பாத்தே கெழவனாயிடுவான். பெத்தவளுக்கு அந்த பயம் இருக்கும்ல?"

மதலைமுத்துதான் பேசினார். "நீ கேட்டது ஒண்ணு, மாதா குடுத்தது ஒண்ணு." அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய அவர்களுக்குச் சிறிது நேரம் ஆயிற்று. செபஸ்தியம்மாள் அவரை முறைத்து, பிறகு தானும் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

லியோ எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தான்.

"டிராக்டர் வேணாம்ப்பா."

"ஏன்?"

"பூத்தது காயாகட்டும். விதைக்கு விட்டுடுவோம். மாசிக்குள்ள நெத்து முத்திடும். நாத்துக்கு வெளியில விதை வாங்கவேணாம்."

மதலைமுத்து மகனை ஏற இறங்கப் பார்த்தார். "வைகாசியில நாத்து விடணும். ஆனியில நடணும். தண்ணி பாச்சணும், களை எடுக்கணும். யாரு செய்யறது?"

"நான்தான்," என்றான் லியோ. "பட்டறைக்குச் சாயங்காலம் போய்க்கறேன். ஜெரால்டுகிட்ட மதகுல இருக்கறப்பவே சொல்லியிருக்கணும். இப்ப பேசிட்டேன்."

ஆஷ்லின் எச்சில் இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஜெரால்டிடம் எப்போது பேசினான், என்ன சொன்னான் என்று கேட்கத் தோன்றவில்லை. அப்படி நின்றால் அழுதுவிடுவோம் என்று வேகமாகக் கொல்லைப்புறம் போய் இலையை மாட்டுக்குப் போட்டாள்.

"கத்திரி?" என்று உள்ளே மதலைமுத்துவின் குரல் கேட்டது.

"வேற எடத்துல போட்டுக்கங்க," என்றாள் செபஸ்தியம்மாள். "கத்திரி, கத்திரின்னு. ஒரு வருஷம் கத்திரிக்கா இல்லாம கஞ்சி எறங்காதா?"

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குச் சூரியன் தென்னைக்குக் கீழே போனது. செபஸ்தியம்மாள் வழக்கம்போல் கெபிக்குப் போனாள். போக்கஸ் லைட்டின் சுவிட்சில் கை வைத்தவள் சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகு கையை எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து மாதாவின் காலடியில் ஏற்றினாள். காற்றுக்குக் கை மறைத்து, அது நின்று எரிகிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு நடந்தாள்.

நாலு மாதத்துக்குப் பிறகு அந்தக் கொல்லையில் முதல்முறையாக நேரத்துக்கு இருட்டியது. தெற்குக் கோடியில் வரப்பில் உட்கார்ந்திருந்த ஆஷ்லினுக்குப் பக்கத்தில் லியோ இரண்டு டம்ளரோடு வந்து உட்கார்ந்தான். பூத்த செடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி அவளுக்குக் கொடுத்தான். தானும் ஒன்றை மென்றான். இருவரும் ஒரே நேரத்தில் டீயை எடுத்தார்கள்.

"எத்தனாவது வாய்?" என்றான்.

"முதல் வாய்," என்றாள். இந்தத் தடவை அவள் கூட்டிச் சொல்லவில்லை.